பென்னு டாக்டரின் பெஞ்சு

எங்கள் வீட்டு முன்கூடத்தில் ஒரு பெஞ்சு கிடக்கிறது. ஆள் நீளம், ஒன்றரை முழ அகலம், மேலே வெடித்துப்போன கறுப்புத் தோல் மெத்தை. ஒரு நுனியில் மெத்தையையும் பலகையையும் ஊடுருவிக்கொண்டு ஓர் ஓட்டை. வருகிறவர்கள் யாராக இருந்தாலும் முதலில் அந்த ஓட்டையைத்தான் விசாரிப்பார்கள். தண்ணீர்ப் பானை வைப்பதற்கா என்று சிலர், தச்சன் அளவெடுத்ததில் தவறா என்று சிலர். "முகம் வைக்க" என்பாள் என் அக்கா. யாரும் நம்புவதில்லை. அவளும் அதற்குமேல் விளக்குவதில்லை. மார்கழியில் அவரைக்காய் வரத் தொடங்கியதும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, ஓட்டையில் ஒரு பித்தளைக் கிண்ணத்தைப் பொருத்திக்கொண்டு, ஊறவைத்த கொட்டைகளைத் தோல் நீக்கிப் பிதுக்கிப் போடுவாள். அந்த ஓட்டைக்கென்றே வார்த்ததுபோல் கிண்ணம் உட்காரும்.

இங்கே வருவதற்கு முன் அது இருபது வருஷத்துக்குமேல் என் அலுவலகத்தின் பதிவறையில் கிடந்தது. எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. மகாராஜா காலத்து மைசூரில் யார் வைத்தியம் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்ற காகிதங்கள் வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அங்கே குமாஸ்தா. சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஒரு சான்றிதழ் வந்தால் முதலில் முத்திரையைப் பார்க்க வேண்டும், பிறகு கையெழுத்தை, பிறகு தேதியை, கடைசியாகத்தான் பெயரை. முத்திரை எவ்வளவு பெரிதோ படிப்பு அவ்வளவு சிறிது என்பதை முதல் வருஷத்திலேயே கற்றுக்கொண்டேன். அந்த விதி என்னை அதிகம் ஏமாற்றியதில்லை.

அந்த விதிப்படி, நான் பார்த்ததிலேயே மிகக் குறைந்த படிப்பு பென்னு டாக்டருடையதாகத்தான் இருந்திருக்க வேண்டும். கன்னடத்தில் பென்னு என்றால் முதுகு. மைசூரில் அவர் இருந்த மண்டி மொஹல்லாப் பேட்டையில் எல்லாரும் அவரை அப்படித்தான் அழைத்தார்கள். அவருடைய சான்றிதழில் காப்பித் தட்டு அளவுக்குத் தங்க நிற முத்திரை, அதிலிருந்து நீலப் பட்டு நாடா இரண்டு. எங்கள் பதிவுப் படிவத்தில் மூன்று கட்டங்கள் உண்டு: ஆங்கில வைத்தியம், ஆயுர்வேதம், யுனானி. விண்ணப்பதாரர் ஏதாவது ஒன்றில் குறியிட வேண்டும். இவர் மூன்றையும் விட்டுவிட்டு, அடிக்கோல் வைத்து நாலாவதாக ஒரு கட்டம் வரைந்து, பக்கத்தில் 'கைரோபிராக்டிக்' என்று எழுதி, தாமே வரைந்த கட்டத்தில் தாமே குறியிட்டிருந்தார். தண்டனை பெற்றதுண்டா என்ற கேள்விக்கு, 'உண்டு. இதே வைத்தியத்தைச் செய்ததற்காக அமெரிக்காவில் பதினைந்து நாள் சிறை' என்று பதில்.

எங்கள் தலைமை குமாஸ்தா அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "பரீட்சை பாஸானதை எழுதற மாதிரி ஜெயிலுக்குப் போனதை எழுதியிருக்கான் பாருய்யா. இவனை சும்மனே திருப்பி அனுப்பாதே. நேர்ல போய் விசாரி. கதை நல்லா இருக்கும்போல."

கதை விண்ணப்பத்துடனேயே இணைக்கப்பட்டிருந்தது, பதினொரு பக்கம். கொள்ளேகால் தாலுக்காவில் அனூர் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, முதல் உலகப் போருக்கு முன்பே கப்பலில் சமையலுக்குப் போய், அமெரிக்காவில் இறங்கி, பாத்திரம் கழுவிச் சேர்த்ததில் இந்தப் படிப்பைப் படித்தவராம். அந்த வைத்தியத்தின் வரலாற்றையும் எழுதியிருந்தார். ஒரு பெரிய ஆற்றங்கரை ஊரில் மளிகைக்கடை வைத்திருந்த ஒருவர் கடையை மூடிவிட்டுக் காந்த வைத்தியம் செய்யத் தொடங்கினார். அவர் இருந்த கட்டடத்தைப் பெருக்கித் துடைத்த ஆளுக்குப் பல வருஷமாகக் காது கேட்காது. ஒருநாள் அந்த ஆளின் முதுகில் பிதுங்கி நின்ற ஓர் எலும்பை அந்த மளிகைக்கடைக்காரர் அழுத்தி உள்ளே தள்ளினார். அந்த ஆளுக்குத் தெருவில் வண்டி ஓடும் சத்தம் கேட்டது. அங்கிருந்து ஒரு பள்ளிக்கூடம், அதிலிருந்து பல பள்ளிக்கூடங்கள். உடம்பின் நோய் அனைத்துக்கும் முதுகெலும்பு நரம்பை நெருக்குவதுதான் காரணம் என்பது கொள்கை. பிறகு அவருக்கும் அவர் மகனுக்கும் சண்டை, சீடர்களுக்குள் கட்சி. கையை மட்டும் நம்புகிறவர்கள் ஒரு பக்கம், மருந்தையும் மின்சாரத்தையும் கலக்கிறவர்கள் மறு பக்கம். முதுகின் சூட்டை அளக்க ஒரு கருவி வந்தது. அதை விற்க மாட்டார்கள், வாடகைக்குத்தான் தருவார்கள் என்றதும் பாதிப் பேர் வெளியேறினார்கள். டாக்டர்கள் வழக்குப் போட, இவர்கள் அபராதம் கட்ட மறுத்து வரிசையாக ஜெயிலுக்குப் போனார்கள்.

நான் ஓரத்தில் குறித்தேன்: 'செவி நரம்பு முதுகு வழியாகச் செல்வதில்லை. விண்ணப்பதாரர் விளக்க வேண்டும்.' அதற்குக் கீழே: 'கொள்ளேகால் தாலுக்கா சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது, விண்ணப்பதாரர் மைசூர் பிரஜை அல்லர்.' மளிகைக்கடையையும் அடிக்கோடிட்டேன்.

அவருடைய வைத்தியசாலை ஒரு புளி மண்டியின் மாடியில் இருந்தது. படியேறும்போதே வாயில் எச்சில் ஊறும். மேலே ஒரே அறை. அதில் இந்தப் பெஞ்சு. அமெரிக்கப் படம் ஒன்றைக் காட்டித் தெருமுனைத் தச்சரிடம் செய்ததாம். ஜன்னலோரத்தில் கம்பியில் கோத்துத் தொங்கவிட்ட முதுகெலும்பு. இது எங்கே வாங்கியது, ரசீது உண்டா என்று தொடங்கினேன்.

"ஆட்டோடதுங்க" என்றார். "மனுசனோடது வாங்க நமக்கு வசதி பத்தலீங்க. உக்காருங்க. வலி எங்கங்க?"

"வலி ஒன்றும் இல்லை. விசாரணைக்கு வந்திருக்கிறேன்."

"அதுவும் முதுகுலதானுங்க போய் முடியும்."

ஐம்பது வயதிருக்கும். வெள்ளைக் கோட்டு, அதற்குக் கீழே வேட்டி. ஆங்கிலம் அமெரிக்கர்போல் மூக்கால் வந்தது, தமிழ் காவிரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. ஒரு மூட்டை தூக்கும் தொழிலாளி இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தபடி படியேறி வந்தார். அவரைக் குப்புறப் படுக்கவைத்து, முகத்தை ஓட்டையில் பொருத்தச் சொன்னார் டாக்டர். கழுத்திலிருந்து இடுப்புவரை இரண்டு விரல்கள் ஒவ்வொரு முடிச்சாக நின்று நின்று இறங்கின. ஓரிடத்தில் நின்று, உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மூச்சு விடச் சொல்லி, சட்டென்று ஓர் அழுத்து. 'டொக்' என்று சத்தம்.

அந்தச் சத்தத்தை அவர் நாக்கால் போடுகிறார் என்று எனக்குச் சந்தேகம். எழுந்துபோய் அவர் வாய்க்கு நேராகக் குனிந்து நின்றேன். அவர் புரிந்துகொண்டார். கைக்குட்டையை மடித்து வாயில் திணித்துக்கொண்டு அடுத்த அழுத்தைக் கொடுத்தார். சத்தம் மறுபடி வந்தது. பெஞ்சின் மூட்டு முனகியிருக்கலாம் என்று அடியில் குனிந்து பார்த்தேன். ஓட்டை வழியாகத் தொழிலாளியின் முகம் என்னைப் பார்த்துச் சிரித்தது.

எங்கள் ஊர்க் குஸ்திக் கூடங்களில் உஸ்தாதுகள் தலைமுறை தலைமுறையாக இதைத்தானே செய்கிறார்கள், நாவிதர்கள்கூடச் சவரம் முடிந்ததும் கழுத்தில் சொடக்கு எடுக்கிறார்களே, இதற்கு அமெரிக்கா எதற்கு என்று கேட்டேன்.

"அவுங்க பண்றதும் இதுதானுங்க. எங்க பண்ணப்படாதுன்னு கத்துக்கத்தான் அவ்வளவு தூரம் போனது."

மேடைப் பேச்சு என்று குறித்துக்கொண்டேன். காது கேளாமை குணமாகுமா என்றேன். "ஆகுமுங்க." ஆஸ்துமா? "ஆகுமுங்க." கண் இமைக்காமல் சொன்னார். அவர் பொய் சொல்கிறார் என்றிருந்தால் எனக்கு வேலை சுலபம். அவர் அதை நம்பினார். அது இன்னும் மோசம் என்று நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இங்கேதான் என் அக்கா வருகிறாள். பெண்கள் பள்ளியில் ஆசிரியை. கணவரை இழந்தபின் என்னுடன் இருந்தாள். ஒரு வருஷமாக அவளுக்கு முதுகுவலி. நாங்கள் வழக்கமாகக் காட்டிவந்த டாக்டர், கரும்பலகை முன் நிற்பதால் வருவது என்று சொல்லி டானிக்கும் முதுகில் ஒட்டும் பிளாஸ்திரியும் கொடுத்திருந்தார். இரண்டாலும் பயனில்லை. பள்ளியில் யாரோ பென்னு டாக்டரைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள்.

"உன் ஃபைல்ல இருக்கற ஆள்கிட்ட என்னைக் கூட்டிட்டுப் போயேன்" என்றாள்.

விசாரணை நடக்கும்போது விசாரிக்கிறவனின் குடும்பத்தார் விண்ணப்பதாரரிடம் வைத்தியம் செய்துகொள்ளக் கூடாது என்று விளக்கினேன்.

"எனக்கு வலிக்கறதுக்கும் உங்க ஆபீஸ்ல மனு போடணுமா?"

அடுத்த சனிக்கிழமை தனியாக ஒரு ஜட்கா பிடித்துப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது முகம் கோபத்தில் சிவந்திருந்தது. "முதுகுல விரல் வெச்சுக்கிட்டே வந்தாரு. ஒரு எடத்துல வந்ததும் நெருப்பைத் தொட்ட மாதிரி எடுத்துட்டாரு. சாயங்காலமானா ஜுரம் வருதான்னு கேட்டாரு. ரவிக்கை எல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சான்னு கேட்டாரு. நாலு பேர் உக்காந்திருக்காங்க. அப்புறம், பெஞ்சுல படுக்காதீங்கம்மா, நான் தொடப்படாது, ஆஸ்பத்திரில எக்ஸ்ரே படம் எடுத்துப் பாருங்கன்னு அனுப்பிட்டாரு. அமெரிக்கா போய்ப் படிச்சவருக்கு என் முதுகு மட்டும் ஆகாதாம். நீ என் தம்பின்னு தெரிஞ்சிருக்கும்."

நானும் அதையேதான் நினைத்தேன். விசாரணைக் குமாஸ்தாவின் அக்காவைத் தொட்டு ஏதாவது ஏறுக்குமாறாக ஆகிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, கெட்டிக்காரத்தனமாகக் கழற்றிவிட்டார். எக்ஸ்ரே என்பது வெறும் சாக்கு. அன்று மாலையே உட்கார்ந்து என் குறிப்பை முடித்தேன். அதில் ஒரு வாக்கியம்: 'உண்மையில் நோயுள்ளவரை இவர் தொடுவதில்லை; இவரால் தொடப்படுகிறவருக்கு நோய் இருப்பதாகத் தெரியவில்லை.' ஆதாரமாக, பெயர் தெரிவிக்காத ஒரு பெண்மணியின் அனுபவம். அந்தப் பெண்மணி என் வீட்டில் இருக்கிறார் என்பதை எழுதவில்லை. தலைமை குமாஸ்தா அந்த வாக்கியத்தை இரண்டு முறை வாய்விட்டுப் படித்து, எனக்குக் காப்பி வரவழைத்தார்.

பரிசீலனைக் குழுவில் மூன்று பேர்: இரண்டு ஆங்கில வைத்தியர்கள், ஓர் ஆயுர்வேதப் பண்டிதர். சிகிச்சைக் கருவியை நேரில் காட்ட வேண்டும் என்று விதி. ஆகவே பெஞ்சு மாட்டுவண்டியில் வந்து இறங்கியது. நான் மூன்று பிரதிகளில் ரசீது எழுதி ஒன்றை அவரிடம் கொடுத்தேன். பண்டிதர், இதெல்லாம் நம் சுவடிகளிலேயே இருக்கிறது, புதிதாகப் பதிவு எதற்கு என்றார். டாக்டர்கள், இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, எப்படிப் பதிவது என்றார்கள். எதிரெதிரான இரண்டு காரணங்கள் ஒரே முடிவில் கைகுலுக்குவதை நான் அதற்கு முன்னும் பின்னும் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பிறகு என் வாக்கியம் வாசிக்கப்பட்டது. இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள்.

அவர் என்னைப் பார்த்தார். "தொடப்படாதவுங்களத் தொட மாட்டேனுங்க" என்றார்.

யார் அந்தப் பெண்மணி, என்ன நோய் என்று பெரிய டாக்டர் கேட்டார்.

"அது அவுங்க வெசயமுங்க. சபையில சொல்லப்படாது."

அவர் வாயைத் திறந்திருந்தால், அதே இடத்தில் என் வேலை போயிருக்கும், அவருக்குப் பதிவு கிடைத்திருக்கவும் கூடும். நான் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, என்ன நடிப்பு என்று நினைத்தேன். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அவர் மைசூர் எல்லைக்குள் வைத்தியம் செய்யக் கூடாது. தீர்மானத்தில் என் வாக்கியம் ஓர் எழுத்தும் மாறாமல் இடம்பெற்றது.

ஒரு வாரம் கழித்து, பெஞ்சை எடுத்துப் போவதற்காக அவர் அலுவலகத்துக்கு வந்தார். கோட்டு இல்லை, வெறும் சட்டை. ரசீதை என் மேஜைமேல் வைத்தார். வண்டி எங்கே என்று கேட்டேன்.

"பெஞ்சு இங்கயே கெடக்கட்டுமுங்க. நாள் முச்சூடும் குனிஞ்சு எழுதறது நீங்கதான். நமக்கு இனி எதுக்கு?"

ரசீதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பொருளை எடுக்காமல் போகிறவருக்கு எங்கள் விதிகளில் இடமில்லை, விண்ணப்பதாரர் ஓர் ஒப்புதல் எழுதித் தர வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "அக்காவுக்குப் படம் எடுத்தீங்களா?"

இல்லை என்று தலையசைத்தேன்.

"எடுத்துருங்க. நாள் தள்ளாதீங்க. யாரையும் உருவிவிட விட்டுறாதீங்க." படியிறங்கிப் போய்விட்டார்.

அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. அது நன்றியோ பச்சாதாபமோ அல்ல, என் தொழில்புத்திதான். லாபமில்லாமல் யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை என்பது என் இரண்டாவது விதி. விண்ணப்பம் தோற்றுவிட்டது. என்னால் அவருக்கு இனி ஆக வேண்டியது எதுவுமில்லை. பிறகு ஏன் கேட்டார்? எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சூழ்ச்சி அகப்படவில்லை. ஒரே ஒரு காரணம்தான் மிஞ்சியது. அந்தக் காரணம் என்னைப் பயமுறுத்தியது. மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அவள் வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தாள். முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் ஒரு குஸ்தி உஸ்தாதை எண்ணெயோடு வீட்டுக்கு வரச் சொல்லி ஆளனுப்பியிருந்தாளாம். அவர் ஊரில் இல்லையாம்.

ஈரம் காயாத படத்தை அறுவை டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முதுகெலும்பின் நடுவில் இரண்டு எலும்புகள், கரையான் தின்ற பதிவேட்டின் முதுகுபோல் கரைந்து ஒன்றுக்குள் ஒன்று அமிழ்ந்திருந்தன. எலும்புக் காசம் என்றார்.

"யாராவது அழுத்தினாங்களா? உருவிவிட்டாங்களா?"

"இல்லை."

"தப்பிச்சீங்க. பலமா ஒரு அழுத்து விழுந்திருந்தா ரெண்டு காலும் போயிருக்கும். படம் எடுக்கணும்னு யார் சொன்னாங்க?"

"தெரிந்தவர் ஒருவர்" என்றேன்.

அக்கா ஒன்றரை வருஷம் பிளாஸ்டர் படுக்கையில், கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். பிழைத்தாள். முதுகில் ஒரு கூன் நின்றுவிட்டது. மறுபடியும் பள்ளிக்குப் போய்ப் பலகை முன் நின்றாள்.

நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தீர்மானத்தை மாற்ற இரண்டு வழிகள் இருந்தன. விண்ணப்பதாரர் முப்பது நாளுக்குள் மேல்மனுச் செய்யலாம். அல்லது, புதிய தகவல் கிடைத்திருப்பதாக விசாரணைக் குமாஸ்தாவே துணைக்குறிப்பு வைக்கலாம். இரண்டாவது வழியை எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, அந்த அலுவலகத்தில் அதை என்னைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. படம் எடுத்த அன்று இன்னும் மூன்று வாரம் பாக்கியிருந்தது. ஒரு குறிப்பு எழுதியும் பார்த்தேன். மூன்றாவது வரியிலேயே அந்தப் பெண்மணி யார் என்று சொல்ல வேண்டி வந்தது. சொன்னால், விசாரணையில் உண்மையை மறைத்ததற்காக என்மேல் ஒரு விசாரணை. அவருக்கோ, அப்போதும் காது விஷயம் இருந்தது, மைசூர் பிரஜையல்ல என்பது இருந்தது, நாலாவது கட்டம் இருந்தது. எப்படியும் நிராகரிப்பார்கள் என்று எனக்கு நானே தீர்ப்பெழுதிக்கொண்டு காகிதத்தைக் கிழித்தேன். விதி என்னைத் தடுக்கவில்லை. அதன் பின்னால் நானாகப் போய் நின்றுகொண்டேன்.

முப்பதாவது நாள் கடந்தபிறகு மண்டி மொஹல்லாவுக்குப் போனேன். அந்தத் தேதியை நான் தற்செயலாகத் தேர்ந்தெடுத்தேன் என்று யாராவது சொன்னால் நானே நம்ப மாட்டேன். மாடி காலியாக இருந்தது. "ஊருக்கே போயிட்டாரு சார்" என்றார் புளி மண்டிக்காரர். "அந்தப் பக்கம் உங்க சர்க்கார் இல்லையாமே."

சில வருஷங்கள் கழித்து, வேறொரு மனுவுக்காக அனூர் பக்கத்து மார்டள்ளியிலிருந்து வந்த ஒருவரிடம் விசாரித்தேன். இருக்கிறார், கயிற்றுக் கட்டிலில் ஆளைக் குப்புறப் போட்டு, முகம் வைக்கக் கயிற்றை விலக்கி இடம் செய்து வைத்தியம் பார்க்கிறார் என்றார். காது கேளாதவர்களும் வருகிறார்களா என்று கேட்டேன்.

"வராங்க."

"கேட்கிறதா?"

"நம்பறவுங்களுக்குக் கேக்குதுங்க."

ஆக, என் சந்தேகம் முழுத் தவறுமல்ல. அவருடைய கொள்கையில் பாதிக்குமேல் மளிகைக்கடைச் சரக்கு என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. தெரிந்ததை அவர் எவ்வளவு மிகைப்படுத்தினார் என்று மட்டுமே நான் அளந்தேன். எந்த இடத்தில் கையை எடுத்தார் என்பதை அளக்க என் படிவத்தில் கட்டம் இல்லை. அவர் வரைந்துகொண்ட அந்தக் கட்டத்தைத் தவிர.

பெஞ்சு பதிவறையில் தங்கிவிட்டது. ரசீது எங்களிடம், பொருளும் எங்களிடம். திருப்பித் தர ஆளில்லை, கழித்துக்கட்ட விதியில்லை. சேவகர்கள் அதன் ஓட்டையில் தண்ணீர்ப் பானை வைத்தார்கள். ஒவ்வொரு வருஷமும் தளவாடங்களைச் சரிபார்க்கும்போது 'பெஞ்சு, ஒன்று, ஓட்டையுடன்' என்று என் கையாலேயே எழுதினேன். அலுவலகம் வேறு கட்டடத்துக்கு மாறியபோது வேண்டாத சாமான்களோடு அதையும் ஏலத்துக்கு வெளியே போட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அன்றுதான் அக்காவிடம் முழுக் கதையையும் சொன்னேன். அவள் மெத்தையைத் தடவிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "இதை அவர்கிட்ட இல்ல சொல்லியிருக்கணும்" என்றாள். அதற்குள் அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

சென்ற வாரம் எங்கள் மாடிக்குக் குடிவந்திருக்கும் இளம் டாக்டர் கூடத்துக்கு வந்தார். ஓட்டையைப் பார்த்து விளக்கம் கேட்காத முதல் ஆள் அவர்தான். "இது கைரோபிராக்டிக் டேபிளாச்சே சார், படத்துல பாத்திருக்கேன்" என்றார். "இதெல்லாம் சயின்ஸ் கெடையாது."

"நானும் அப்படித்தான் எழுதினேன்" என்றேன்.

அக்கா கிண்ணத்தை ஓட்டையில் வைத்துக்கொண்டு கொட்டைகளைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய கூனை அவர் ஒரு டாக்டரின் கண்ணால் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. "அம்மா, இதுல படுத்து வைத்தியம் பண்ணிக்கிட்டீங்களா?" என்று கேட்டார். குரலில் கண்டிப்பு இருந்தது.

அக்கா தலை நிமிரவில்லை.

"படுக்க விடலை" என்றாள். பருப்பு ஒன்று கிண்ணத்தில் விழுந்தது.